கிலோ 42 ரூபாய்க்கு ஒரு இரும்புப் பூ

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, என் பழைய புல்லட்டுக்குச் செயின் கவர் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனேன். செயின் கவர் கிடைக்கவில்லை. கிடைத்தது 61 கிலோ எடையில் ஒரு துருப்பிடித்த சமாச்சாரம். தடித்த ஒரு அச்சு, அதன் ஒரு முனையில் வார்ப்பிரும்புப் பெட்டி, மறுமுனையில் எட்டுக் கை விரித்த ஒரு சக்கரம், ஒவ்வொரு கையின் நுனியிலும் வளைந்த இரண்டு விரல்கள். மூன்று விரல் உடைந்து போயிருந்தது. லாரி டிபரன்ஷியல் ஒன்றுக்கும் ஆட்டோ கதவுக் குவியலுக்கும் நடுவே, மழையில் நனைந்து, பெரிய இரும்புப் பூ ஒன்றை யாரோ பறித்துப் போட்ட மாதிரி கிடந்தது.

"பாய், இது என்னது?"

"தெரியல சார், ஏதோ விவசாய ஐட்டம். ஓசூர் பக்கத்துலேர்ந்து லோடுல வந்துச்சு. வேணும்னா கிலோ நாப்பத்திரண்டு. சும்மா கேக்கறதா இருந்தா ஒரு டீ வாங்கிக் குடுங்க."

அது உருளைக்கிழங்கு தோண்டுகிற பழைய மெஷினின் பாகம் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வினை. தெரியாமல் இருந்தால் டீயோடு முடிந்திருக்கும்.

எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. இருபத்தெட்டு வருஷம் மாறி மாறி ஷிப்ட் பார்த்த உடம்பு என்பதால், இப்போது பகல் ஷிப்ட் மட்டும்தான் என்றாலும் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக விழித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது, செல்போனில் பழைய டிராக்டர் வீடியோ பார்ப்பேன். அப்பா செம்பியம் டிராக்டர் பேக்டரியில் இருந்தவர், அதனால் அந்தப் பாசம் சின்ன வயதிலிருந்தே உண்டு. டிராக்டரில் ஆரம்பித்து ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, கடைசியில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்துப் பெரியவர்கள் தங்களைவிட வயதான மெஷின்களை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு தோண்டுகிற வீடியோக்களில் போய் மாட்டிக்கொண்டேன். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. ஈரக் காற்றும், இரும்புச் சங்கிலி கடகடவென்று ஓடும் சத்தமும், சத்தம் நின்றதும் நாலு பேர் மண்ணில் குனிந்து கிழங்கைப் பார்த்துத் தலையாட்டுவதும், அவ்வளவுதான். இரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன். என் மனைவி இதை வியாதிக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறாள்.

பழைய பொருள் சேகரிப்பவர்களை அங்கே கலெக்டர் என்கிறார்கள். நம் ஊரில் கலெக்டர் என்றால் சைரன் வைத்த கார்தான் நினைவுக்கு வரும். ஆனால் பாருங்கள், நீலகிரிக்கு உருளைக்கிழங்கைக் கொண்டு சேர்த்ததே நம் அர்த்தத்தில் ஒரு கலெக்டர்தான். 1819-ல் மலையேறிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஊட்டியிலேயே வீடு கட்டிக்கொண்ட கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். அந்த மலையில்தான் என் மாமனார் உருளைக்கிழங்கு போடுகிறார், கேத்திப் பக்கம், குத்தகை நிலத்தில். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சரி, 61 கிலோ. பேரம் பேசி 2,500 ரூபாய்க்கு முடித்து, குட்டியானை ஒன்றைப் பிடித்து ஏற்றி, கொளத்தூரில் எங்கள் பிளாட் பார்க்கிங்கில் இறக்கினேன். மனைவி மாடியிலிருந்து பார்த்தாள், கீழே இறங்கி வந்தாள், சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, உருளைக்கிழங்கே கிலோ முப்பது ரூபா. அதைத் தோண்டுறது கிலோ நாப்பத்திரண்டா?"

இதற்குப் பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

இதன் பெயர் ஸ்பின்னர். வேலை செய்கிற விதத்தைக் கேட்டால் முரட்டுத்தனமாக இருக்கும், எனக்குப் பிடித்ததும் அந்த முரட்டுத்தனம்தான். உருளைக்கிழங்கு பாரில் விளைகிறது, அதாவது மண் அணைத்து உயர்த்திய கரையில். ஒரு அகலமான கொழு அந்தப் பாரின் அடியில் நுழைந்து, மண்ணையும் கிழங்கையும் ஒன்றாக ஒரு பாளம் போலத் தூக்கும். தூக்கிய பாளத்தின் மேல் இந்த இரும்புப் பூ குறுக்காகச் சுழன்று, விரல்களால் அடித்து, எல்லாவற்றையும் பக்கவாட்டில் விசிறும். மண் உதிர்ந்துவிடும், கிழங்கு பறந்து போய் விழும். ரொம்ப தூரம் போகாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சாக்குப் படுதாவோ வலையோ தொங்கும், கிழங்கு அதில் மோதிக் கீழே விழும். குதிரை இழுத்த காலத்தில் மோட்டார் எதுவும் கிடையாது. வண்டிச் சக்கரம் தரையில் உருளும்போது கிடைக்கிற சுழற்சியைத்தான் பெவல் கியர் வழியாக அச்சுக்குத் திருப்பிப் பூவைச் சுற்ற வைத்தார்கள். நான் வாங்கிய வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் இருப்பது அந்த பெவல் கியர்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜான் ஹான்சன் என்கிற ஐரிஷ்காரர். இன்று வட அயர்லாந்தில் இருக்கும் ஆன்ட்ரிம் கவுன்டியில் டோக் என்கிற ஊர், 1855-ல் காப்புரிமை. அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1845-லிருந்து 1849 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகல் நோயில் அழிந்து, பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள், அதே அளவு ஜனம் கப்பலேறி ஊரைவிட்டே போனது. அது நடந்து ஆறே வருஷத்தில், அதே மண்ணிலிருந்து, கிழங்கு தோண்ட ஒரு மெஷின். பயிர் ஏமாற்றினாலும் ஜனங்கள் அதைக் கைவிடவில்லை, தோண்டுவதற்குக் கைகள்தான் குறைந்து போயின என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அதே கருகல் நோய் இன்றைக்கும் ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை நேரத்தில் வந்து நிற்கிறது. மாமனார் வானத்தைப் பார்த்துத்தான் மருந்து அடிக்கிறார்.

ஸ்பின்னரைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் ஒரு தப்பான எண்ணம் இருந்தது. மெஷின் வந்ததும் குனிகிற வேலை போயிருக்கும் என்று நினைத்தேன். வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஸ்பின்னர் கிழங்கை வெளியே எடுத்துப் போடும், பொறுக்காது. பொறுக்குவது மனிதர்கள்தான். அதுவும் கிழங்கு ஒரு வரிசையாக விழாது, இரண்டு மீட்டர் அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும். அடுத்த பாரைத் தோண்ட மெஷின் திரும்பி வருவதற்குள் அத்தனையையும் பொறுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் குதிரையும் சக்கரமும் கிழங்கை மிதிக்கும், புதிதாக விசிறப்படுகிற மண் பழைய கிழங்கை மூடும். அதனால் வயலின் நீளத்தைக் காலடியால் அளந்து, குச்சி நட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துவிடுவார்கள். உன் குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவில் கிடப்பதெல்லாம் உன் பொறுப்பு. மெஷின் வயலின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புகிற நேரம்தான் உன் நேரம். நீ நிமிர்வதற்குள் கடகட சத்தம் மறுபடி கிட்டே வந்துகொண்டிருக்கும்.

மெஷின் முதுகைக் காப்பாற்றவில்லை, முதுகுக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தது. ஷிப்ட் சங்குக்கு ஓடியவன் என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது.

அப்படிப் பொறுக்கியதில் பெரும் பகுதி பெண்களும் பிள்ளைகளும். ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கைப் பேச்சு வழக்கில் டாட்டி என்பார்கள். அக்டோபரில் பள்ளிக்கூடங்களுக்கு விடுகிற லீவுக்கு அங்கே டாட்டி ஹாலிடேஸ் என்றே பெயர், பிள்ளைகள் வயலுக்குப் போகட்டும் என்று விட்டது. இப்போது எந்தப் பிள்ளையும் வயலுக்குப் போவதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் அரூஸ்டுக் என்று ஒரு கவுன்டி, அங்கே சில பள்ளிகள் இன்னமும் ஆகஸ்டிலேயே திறந்து, செப்டம்பர் கடைசி வாக்கில் அறுவடைக்காக மூடுகின்றன. அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்கு இந்த வேலைக்கு வருவார்கள். 1937 செப்டம்பரில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிர்கின்டிலாக் என்கிற ஊரில், அப்படி வந்தவர்கள் தூங்கிய கொட்டகை ராத்திரியில் தீப்பிடித்து, அகில் தீவைச் சேர்ந்த பத்துப் பேர் இறந்து போனார்கள். எல்லோரும் பையன்களும் வாலிபர்களும். இந்த மெஷின்களைப் பற்றிப் பேசும்போது பெயின்ட் கலர், கியர் விகிதம் என்று போய்க்கொண்டே இருப்பேன், இது ஞாபகம் வந்தால் கொஞ்சம் நிறுத்திவிடுவேன்.

அடுத்த தலைமுறை மெஷின் எலிவேட்டர் டிக்கர். இதில் விசிறல் கிடையாது. கொழு தூக்கிய பாளம் இரும்புக் கம்பிகளால் ஆன ஒரு சங்கிலிப் பாய் மேல் ஏறும், கம்பிகளுக்கு இடையில் மண் சல்லடை மாதிரி உதிரும், கிழங்கு பின்னால் ஒரே வரிசையாக விழும். இதில் ஒரு சின்னக் குறும்பு இருக்கிறது. பாயை ஓட்டுகிற சக்கரங்களில் சிலவற்றை வட்டமாகச் செய்யாமல் முட்டை வடிவில் செய்திருப்பார்கள், பாய் குதித்துக் குதித்து ஓடட்டும், மண் நன்றாக உதிரட்டும் என்று. தரப் பரிசோதகனாக நான் வட்டம் இல்லாத சக்கரத்தைப் பார்த்தால் தள்ளுபடி முத்திரை குத்துகிறவன், இங்கே வட்டமாக இருந்தால்தான் தப்பு!

அமெரிக்காவில் இந்த வகைக்குப் பெயர் போனது ஓஹையோ மாநிலத்தில் ஏவரி என்கிற ஊரில் செய்த ஹூவர் டிக்கர். வீடு பெருக்குகிற ஹூவர் மெஷினுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அதுவும் ஓஹையோ கம்பெனிதான், ஆனால் வேறு ஆட்கள். பிற்பாடு ஜான் டியர் இந்த டிக்கர் கம்பெனியை வாங்கிக்கொண்டது. தேடும்போது பாதி நேரம் வேக்யூம் கிளீனர் பேக்தான் வந்து நிற்கும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் பொதுவான துக்கம்.

எலிவேட்டர் டிக்கர் வந்த பிறகு கிழங்கு வரிசையாகக் கிடந்தது, அடுத்த சுற்றுக்குள் பொறுக்க வேண்டும் என்கிற அவசரம் தீர்ந்தது. குனிவது தீரவில்லை. அது தீர்ந்தது மெஷினே ஆட்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தபோது. பக்கவாட்டில் மேடை வைத்த பெரிய ஹார்வெஸ்டர்கள், இங்கிலாந்தில் 1950, 60-களில் பரவியவை. நாலைந்து பேர் மேடையில் நின்று, பாயில் ஓடி வருகிற கல்லையும் மண்ணாங்கட்டியையும் பொறுக்கி வெளியே எறிவார்கள். ஏனென்றால் மெஷினுக்குக் கடைசி வரை பிடிபடாத விஷயம் அதுதான். கிழங்களவு இருக்கிற கல்லையும் கிழங்கையும் சல்லடையால் எப்படிப் பிரிப்பது? ஸ்காட்லாந்தில் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிப் பிரிக்கிற மெஷின் வரைக்கும் செய்து பார்த்தார்கள். கிழங்கு பெரும்பாலும் தண்ணீர், கதிர் சுலபமாகப் புகுந்துவிடும், கல்லில் தடைபடும், அந்த வித்தியாசத்தை வைத்து ஒரு விரல் கல்லைத் தட்டிவிடும். ஆனால் ஜெயித்தது அதைவிடச் சாதாரண யோசனை. நடுவதற்கு முன்பே மண்ணைச் சலித்து, கல்லையெல்லாம் பார்களுக்கு நடுவே ஓரங்கட்டிப் புதைத்துவிடுவது. பிறகு அறுவடையின்போது பிரிக்க வேண்டிய கல்லே பெரிதாக இருக்காது. பிரச்சினையைக் கடைசி ஸ்டேஷனில் பிடிக்காதே, முதல் ஸ்டேஷனிலேயே வரவிடாதே என்று நான் இருபத்தெட்டு வருஷமாகக் கம்பெனியில் கத்திக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

இதில் ஒரு சோகம் உண்டு. பெரிய ஹார்வெஸ்டர்கள் இன்றைக்கு மிச்சம் இருப்பது குறைவு. ஸ்பின்னர் சின்னது, வேலி ஓரத்தில் போட்டால் முள்ளுச்செடி மூடி எழுபது வருஷம் அப்படியே கிடக்கும், யாராவது ஒருநாள் கண்டெடுப்பார்கள். மேடையும் பாயும் வைத்த ராட்சசனை எந்தக் கொட்டகையில் வைப்பது? மண்ணில் புரள்கிற சங்கிலிப் பாய் ரொம்ப நாள் தாங்காது, அதற்குப் புதுப் பாய் போடுகிற காசுக்கு அடுத்த மாடலையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அதனால் நேராகக் காயலான் கடை. அபூர்வமாகத் தப்பிய ஒன்றை யாராவது ஓட்டிக் காட்டினால் சேகரிப்பாளர்கள் மத்தியில் அது திருவிழாதான். சும்மா நிறுத்திக் காட்டினால் போதாது, தோண்டிக் காட்ட வேண்டும். அதற்காகவே வசந்த காலத்தில் ஒரு வயலில் கிழங்கு நட்டு வைத்து, இலையுதிர் காலம் வரை காத்திருந்து, ஒரு நாள் குறித்து எல்லோரும் அவரவர் மெஷினோடு வருவார்கள். விரல் வைத்த பழைய கலப்பையில் ஆரம்பித்து, ஸ்பின்னர், எலிவேட்டர், ஹார்வெஸ்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். சிலர் 1902-ல் வந்த கிங் எட்வர்ட் மாதிரி பழைய ரகமாகவே தேடி நடுவார்கள். மெஷின் காலத்துக்குக் கிழங்கும் பொருந்த வேண்டுமாம். இது கொஞ்சம் ஓவர்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

வருகிறவர்களில் நிறையப் பேர் சின்ன வயதில் அந்தக் குச்சிகளுக்கு நடுவே குனிந்தவர்கள். நான் வாங்கிய கியர் பெட்டியின் மேல் சாக்பீஸ் தேய்த்துப் பார்த்ததில் "இப்ஸ்விச்" என்ற எழுத்துகளில் பாதியும் ஒரு பார்ட் நம்பரும் தெரிந்தன. போட்டோ எடுத்து இங்கிலாந்தில் ஒரு பெரியவருக்கு அனுப்பினேன், வயது எண்பத்தொன்று, வீடியோவுக்குக் கீழே பேசிப் பேசிப் பழக்கமானவர். ஒரே நாளில் பதில். இப்ஸ்விச் ஊரின் ரான்சம்ஸ் கம்பெனி, 1789-லிருந்து கலப்பை செய்தவர்கள், அவர்களுடைய ஸ்பின்னர்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். கூடவே, ஒன்பது வயதில் அதே மாதிரி மெஷினுக்குப் பின்னால் பொறுக்கியதாகவும், அந்தச் சத்தத்தை அவ்வளவு வெறுத்ததாகவும், இப்போது அவரிடம் அதே மெஷின் மூன்று இருப்பதாகவும் எழுதியிருந்தார். ஏன் மூன்று என்று கேட்டேன். ஒன்று ஓட்ட, ஒன்று ஸ்பேருக்கு, மூன்றாவது வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது என்று.

இப்போது நம் ஊர் பக்கம். சென்னைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு பின்வாசல் தொடர்பு இருக்கிறது. ஹான்சன் ஊருக்குப் பக்கத்துக் கவுன்டியில் பிறந்தவர் ஹாரி பெர்குசன். டிராக்டரின் பின்னால் மூன்று புள்ளியில் கருவியை மாட்டி, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்குகிற முறையை நிலைநாட்டியவர். 1946-லிருந்து 1956 வரை வந்த அவருடைய சின்னச் சாம்பல் நிற டிராக்டர் ஐந்து லட்சத்துக்கு மேல் ஓடியது. அதற்கென்றே ஒரு ஸ்பின்னரும் விற்றார்கள், சேகரிப்பாளர்கள் இன்றும் ஜோடியாகத் தேடுவது அதைத்தான். பெர்குசன் பிறகு மாஸி ஹாரிஸோடு சேர்ந்து மாஸி பெர்குசன் ஆனது, 1960-ல் மாஸி பெர்குசனோடு கைகோத்து இங்கே டாஃபே ஆரம்பித்தார்கள், செம்பியத்தில் டிராக்டர் வந்தது. அப்பா கடைசி வரை டிராக்டர் என்று சொல்ல மாட்டார், மாஸி என்றுதான் சொல்வார். நான் வாங்கிய பூ அதற்கும் முந்திய இனம், குதிரையோ மாடோ இழுத்தது. ஓசூர், தளி பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறார்கள் என்பதால் அங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

சென்னையில் பழைய கார் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அம்பாசிடருக்கும் ஹெரால்டுக்கும் உருகுகிறவர்கள் இருக்கிறார்கள், புல்லட்டுக்குச் சொல்லவே வேண்டாம். பழைய விவசாய மெஷினுக்கு உருகுகிற ஒரு ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. உருளைக்கிழங்கு மெஷினைப் பொறுத்தவரை காரணம் எனக்கு எளிதாகத் தெரிகிறது. அந்த வேலை அங்கே முடிந்துவிட்டது, அதனால் ஆசையாக இருக்கிறது. இங்கே முடியவில்லை. ஆக்ரா பக்கமும் ஜலந்தர் பக்கமும் இன்றைக்கும் டிராக்டர் பின்னால் எலிவேட்டர் டிக்கர்தான் பெரும்பாலும், கிழங்கு தரையில் விழும், பின்னால் பெண்கள் குனிந்து பொறுக்குவார்கள். அங்கே மியூசியத்தில் இருக்கும் சங்கதி இங்கே இந்த மார்கழிக்கு ஓடியது.

நீலகிரியில் அதுகூட இல்லை. கேத்தியில் முள் வைத்த கொத்துதான். ஒருவர் கொத்திப் புரட்ட, இரண்டு பேர் பொறுக்க, பெரிசு சிறிசு பிரித்து, 45 கிலோ மூட்டை கட்டி, லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு. தீபாவளிக்குப் போனபோது மாமனாரிடம் போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். எழுபத்து நாலு வயது, நல்ல விவசாயி, சிரிப்பு சீக்கிரம் வராது. முழுசாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா நம்ம சரிவுல இதைச் சுத்தினா கிழங்கு எங்க போய் விழும்?"

"கீழ படிக்கட்டு நிலத்துல விழும் மாமா."

"அப்ப நான் நட்டதைக் கீழ் தோட்டத்துக்காரன் அறுவடை பண்ணுவான், இல்லையா?"

அதோடு சிரித்தும் விட்டார். பக்கத்தில் மாமியார் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் பொறுக்கிய முழங்கால். வீடியோவை அவரிடம் காட்ட எனக்குத் தோன்றவில்லை, அவராக எட்டிப் பார்த்துவிட்டு, "பொறுக்கறது நாமதானே" என்றார், திரும்பிக்கொண்டார். நான் இரண்டு வருஷம் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்ததை அவர் பத்து விநாடியில் சொல்லிவிட்டார்.

இன்னொரு விஷயம், சேகரிக்க நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நீலகிரியில் 1961-ல் தங்க நிற நூற்புழு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், உருளைக்கிழங்கு வேரில் குண்டூசித் தலை அளவுக் கூடு கட்டுவது. கூட்டுக்குள் முட்டை இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். அதனால்தான் நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை வைத்தார்கள், குப்ரி ஸ்வர்ணா மாதிரி அதைத் தாங்குகிற ரகத்தையும் கொண்டுவந்தார்கள். மண் ஒட்டிய பழைய மெஷினை ஊர் விட்டு ஊர் தூக்கிக்கொண்டு போவது இந்தப் புழுவுக்கு இலவச பஸ் விடுகிற மாதிரி. சில சேகரிப்பாளர்களுக்கு அந்தக் காலத்து மண் அப்படியே ஒட்டியிருந்தால்தான் திருப்தி, அது எனக்குச் சரியாகப் படவில்லை. என் பூவைப் பார்க்கிங்கில் வைத்துப் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவி, கீழே தார்ப்பாய் விரித்து, வழிந்த சேற்றை ஒரு வாளியில் பிடித்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அபார்ட்மென்ட் செயலாளர் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். வாளியில் என்ன என்று கேட்டார், மண் குழம்பு என்றேன். அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்பில் "பார்க்கிங்கில் கூரான பொருட்கள் வைப்பதைத் தவிர்க்கவும்" என்று பொதுவாக ஒரு மெசேஜ் வந்தது. வாட்ச்மேன் மட்டும் என் கட்சி, அவர் சட்டையும் சாப்பாட்டுப் பையும் மாட்ட எட்டுக் கை கிடைத்திருக்கிறதே.

கியர் பெட்டி மொத்தமாகப் பிடித்துப் போயிருந்தது. டீசலில் துணி நனைத்துச் சுற்றி மூன்று வாரம் விட்டேன், தினமும் காலையில் அச்சில் பைப் ரென்ச் போட்டு முட்டிப் பார்ப்பேன், அசையாது. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், வெல்டிங் கடைப் பையனை வைத்துப் பெட்டியை மட்டும் சூடாக்கி மறுபடி முட்டியதும், உள்ளே எங்கேயோ "டக்" என்று ஒரு சத்தம், பூ கால் சுற்று திரும்பியது. வாட்ச்மேனின் சட்டையோடுதான் திரும்பியது. அந்தக் கால் சுற்றை வீடியோ எடுத்து இங்கிலாந்துப் பெரியவருக்கு அனுப்பினேன், அவர் மனைவியை எழுப்பிக் காட்டினாராம்.

உள்ளே பினியனில், அதாவது சின்னப் பல்சக்கரத்தில், இரண்டு பல் இல்லை. அம்பத்தூர் லேத்காரர் பழைய பல்லைச் சீவி வெல்டு வைத்துச் செதுக்கலாம், இல்லையென்றால் மர அச்சு செய்து கோயம்புத்தூரில் புதிதாக வார்க்கலாம், இரண்டாவது வழி பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார். எந்த வண்டிக்கு சார் என்று கேட்டார். சொன்னேன். முதல் வழியே போதும் சார் என்றார். கொழு, சட்டம், தரைச் சக்கரம் எதுவும் என்னிடம் இல்லை, அதெல்லாம் செய்ய வேண்டும். மாமனார் வீட்டுக்குப் பின்னால் சமமாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது, அதில் தை மாசம் இரண்டு பார் எனக்காக நட்டுத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பொறுக்குவது நான் மட்டும்தான் என்பது மாமியார் போட்ட நிபந்தனை.

இதற்கிடையில் வீட்டில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கோயம்பேட்டிலிருந்து வருகிற கிழங்கில் தழும்பு இருந்தால் அது எப்படித் தோண்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். நேராகச் சீவினாற்போல் இருந்தால் கொழு ஆழம் போதாமல் கிழங்கை வெட்டியிருக்கிறது. ஓட்டை இருந்தால் கொத்தின் முள். நகம் பதிந்த மாதிரி பிறை வடிவில் மெல்லிய வெடிப்பு இருந்தால் உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டது. ஒருநாள் இதை மனைவியிடம் பெரிதாக விளக்கினேன், அவள் பாட்டுக்குப் பொரியலுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள், காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. நேற்று ஷிப்ட் முடிந்து வந்தால் அடுப்பு மேடையில் ஒரு கிழங்கு மட்டும் தனியாக, கழுவி, தழும்பு மேலே பார்க்க வைத்திருந்தது.

"ஏங்க, இது கொழுவா, கொத்தா?"

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டும் இருந்தது.